ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரோடு வந்த வீலைக் கழற்றிவிட்டு வேறு அலாய் வீல் போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டொயோட்டா 86, மாஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000, நிஸ்ஸான் ஸ்கைலைன், சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோ போன்ற கார்களை மனதில் வைத்து எழுதியது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டயரை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் அந்த டயருக்கு வீல் தேடுங்கள். படத்தில் பார்த்து மயங்கி வீலை முதலில் வாங்கியவர்களில் பலர் இரண்டு தடவை வாங்கியவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

தேடத் தொடங்கும் முன் எந்தெந்த எண்கள் கையில் இருக்க வேண்டும்?

ஆறு எண்கள்: விட்டம், அகலம், பிசிடி, ஆஃப்செட், நடுத்துளை, நட்டின் மரை (புதிய பெயர்களுக்குக் கீழே விளக்கம் வருகிறது). 2012-இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொண்டால், 17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், பிசிடி 5×100, ஆஃப்செட் +48, நடுத்துளை 56.1 மி.மீ., நட் எம்12×1.25 (12 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும் மரை). "86-க்குப் பொருந்துமா?" என்று விற்பவரிடம் கேட்டால் எல்லோரும் பொருந்தும் என்றுதான் சொல்வார்கள். இந்த ஆறு எண்ணையும் வரிசையாகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

பழைய கார் என்றால் புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர் ஹப்பையோ (வீல் போய் மாட்டும் சுழலும் நடுப்பாகம்) பிரேக்கையோ மாற்றியிருக்கலாம். நிஸ்ஸான் எஸ்13 சில்வியாவில் நான்கு துளையை ஐந்து துளையாக்கும் வேலை ரொம்பச் சகஜம். ஒரு வீலைக் கழற்றி நேரில் அளந்துவிடுவதே நல்லது.

பிசிடி என்றால் என்ன? எந்தக் காருக்கு எது?

நட் துளைகளின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பிசிடி. 5×114.3 என்றால் ஐந்து துளை, 114.3 மி.மீ. வட்டம். இதென்ன விசித்திரமான எண் என்று தோன்றும். நாலரை அங்குலத்தை மில்லிமீட்டருக்கு மாற்றினால் வருவது அதுதான்.

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதுவே பெரும்பான்மை. நிஸ்ஸான் ஜிடி-ஆரில் ஆர்32 முதல் ஆர்35 வரை (இப்படிப்பட்ட எழுத்தும் எண்ணும் தலைமுறைக் குறியீடுகள்), எஸ்2000, கடைசித் தலைமுறை ஆர்எக்ஸ்-7, ஏ80 சூப்ரா, 350இஸட், 370இஸட், ஜிஆர் யாரிஸ் எல்லாம் 5×114.3. எம்எக்ஸ்-5-இல் முதல் தலைமுறையும் இப்போதைய நான்காம் தலைமுறையும் 4×100. இடையில் வந்த மூன்றாம் தலைமுறை மட்டும் 5×114.3. 86, பிஆர்ஸெட், ஜிஆர்86 மூன்றும் 5×100. பழைய ஏஇ86 என்றால் 4×114.3.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. சுபாரு எஸ்டிஐ 2004 வரை 5×100, 2005 மாடலிலிருந்து 5×114.3, வெளித்தோற்றத்தை வைத்து ஊகிப்பது ஆபத்து. எஃப்கே8, எஃப்எல்5 சிவிக் டைப் ஆர் 5×120. ஏ90 சூப்ரா பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கிய கார், ஆஸ்திரியாவில் தயாரானது. ஆகவே பெயர் டொயோட்டா என்றாலும் பிசிடி 5×112, நட்டுக்குப் பதில் போல்ட். 112-க்கும் 114.3-க்கும் பெரிய வித்தியாசமில்லையே என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தப்பான வீல் உள்ளே நுழையும், நட்டும் ஏறும், ஆனால் சாய்வாக உட்காரும். ஓட ஓடத் தளரும்.

ஆஃப்செட்தான் புரியவே மாட்டேன் என்கிறது. எளிதாகச் சொல்ல முடியுமா?

வீலின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஹப்பில் போய் ஒட்டும் பரப்பு அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் பிளஸ். பிளஸ் எண் கூடக் கூட வீல் காருக்குள்ளே போகும். குறையக் குறைய வெளியே வரும். இது மட்டும் மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிக் குழப்பம் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிடாததால் வருவது. 86-இன் 17×7 +48 வீலை எடுத்துவிட்டு 17×8 +42 போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஓர் அங்குலம் கூடுகிறது, பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 6 மி.மீ. குறைகிறது. ஆக, வெளிவிளிம்பு 12.7 + 6 = 18.7 மி.மீ. வெளியே வரும். உள்விளிம்பு 12.7 − 6 = 6.7 மி.மீ. உள்ளே போகும். அதே காருக்கு 17×9 +45 போட்டால்? பக்கத்துக்கு 25.4, வெளியே 28.4, உள்ளே 22.4. இந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு காருக்குக் கீழே குனிந்து, இப்போதைய டயரிலிருந்து உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) எவ்வளவு தூரம், வெளியே ஃபெண்டர் (வீலை மூடும் உடல்பகுதி) எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பியும் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது எல்லா வீலும் பொருந்தத்தான் செய்யும்.

ஆஃப்செட்டை ரொம்பக் குறைத்தால் வேறொரு விலையும் உண்டு. முன்வீல் திரும்பும் அச்சுக் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள இடைவெளி மாறும். அது மாறினால் மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும், வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். காரோடு வந்த எண்ணிலிருந்து பத்து, பதினைந்து மில்லிமீட்டர் வரை நகர்வது பெரிய பாவமில்லை என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் கார் பேசும் பாஷையே மாறத் தொடங்குகிறது.

டயரை ஏன் முதலில் முடிவு செய்யச் சொல்கிறீர்கள்?

சாலையைத் தொடுவது டயர்தான், வீல் அதைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம். எந்த அகலமான டயர் வேண்டும் என்று தெரிந்தால் வீலின் அகலம் தானாக வந்துவிடும். 215/45-17 டயருக்கு (215 மி.மீ. அகலம், அந்த அகலத்தில் 45 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 அங்குல வீல்) 7 முதல் 8 அங்குல வீல் சரி. 225/45-17-க்கு 7 முதல் 8.5 வரை. 245/40-17-க்கு 8 முதல் 9.5 வரை. இந்த வரம்பின் நடுவில் நின்றால் டயரின் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே பதில் சொல்லும். 9.5 அங்குல வீலில் 215 டயரை இழுத்துப் போட்டுப் படம் எடுப்பவர்கள் உண்டு. பக்கச்சுவர் சாய்ந்து, வீலின் உதடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் நடைபாதை ஓரத்திலேயே வீலுக்கு வடு.

அடுத்து டயரின் மொத்த உயரம். கணக்கு எளிது: அங்குல விட்டத்தை 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். 215/45-17 என்றால் 431.8 + 193.5 = 625.3 மி.மீ. அதற்குப் பதில் 215/40-18 போட்டால் 629.2, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 225/40-18 என்றால் 637.2, ஏறக்குறைய 2 சதவீதம் அதிகம். 235/40-18 போட்டால் 645.2, அதாவது 3 சதவீதத்துக்கு மேல். கியர் விகிதம் நீண்டுவிட்டதுபோல் இழுவை மந்தமாகும், மீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் அதிகமாக இருக்கும், குழியில் இறங்கும்போது உள்ஃபெண்டரில் உரசவும் கூடும். 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

18, 19 அங்குலம் போட்டால் கையாளும் விதம் நன்றாகும்தானே?

பக்கச்சுவர் குட்டையாகும், அதனால் ஸ்டீயரிங் கூர்மையாக இருப்பதுபோல் படும். ஆனால் எடை கூடும், குழி விழுந்த சாலையில் வீல் வளையும் வாய்ப்பு கூடும், டயர் விலையும் கூடும். எம்எக்ஸ்-5-இன் நான்காம் தலைமுறை 16 அங்குலத்தில் 195/50, 17 அங்குலத்தில் 205/45 என இரண்டு அளவிலும் வந்தது. அந்தச் சின்னக் காருக்கு 16-தான் பொருத்தம் என்று வாதிடும் ஆட்களில் நானும் உண்டு. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 14 அங்குல வீலோடுதான் பிறந்தது. யாரும் அதைக் கையாளத் தெரியாத கார் என்று சொன்னதில்லை.

பெரிய பிரேக் வேண்டும் என்பதே அங்குலம் கூட்ட நியாயமான காரணம். அழகு என்றால் அழகு என்று ஒப்புக்கொண்டு போடுங்கள், தப்பில்லை. மற்றபடி 86, எஸ்2000, பழைய எவோ போன்ற கார்களுக்கு 17 அங்குலம் ஒரு நல்ல நிறுத்தம். கார் பந்தயத் தடத்துக்கு ஏற்ற டயர்கள் அந்த அளவில் தாராளமாகக் கிடைக்கின்றன.

வீலில் ஒரு கிலோ குறைத்தால் காரில் எட்டுக் கிலோ குறைத்ததற்குச் சமம் என்கிறார்களே?

இந்தக் கதையை நானும் வருடக்கணக்கில் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அத்தனை இல்லை.

சுழலும் பொருளை வேகமெடுக்க வைக்க இரண்டு வேலை: முன்னால் தள்ள வேண்டும், சுழற்றவும் வேண்டும். சுழற்றும் பங்கு எவ்வளவு என்பது எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 17 அங்குல வீலின் விளிம்பு மையத்திலிருந்து ஏறக்குறைய 216 மி.மீ.; 86-இன் டயரின் ஆரம் சுமார் 312 மி.மீ. 216-ஐ 312-ஆல் வகுத்தால் 0.69. அதன் வர்க்கம் 0.48. அதாவது விளிம்பில் உள்ள ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது உடலில் உள்ள ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். வீலின் நடுப்பகுதியில் குறைந்த எடைக்கு அந்த அளவுகூட இல்லை. வீலுக்கு இரண்டு கிலோ வீதம் நான்கிலும் எட்டுக் கிலோ குறைத்தாலும், மொத்தப் பலன் அதிகம் போனால் பன்னிரண்டு கிலோ. ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேலுள்ள காரில் அது ஒரு சதவீதம்.

அப்படியென்றால் எடை குறைந்த வீல் வீணா? இல்லவே இல்லை. அதன் பலன் ஸ்பிரிங்குக்குக் கீழே தெரியும். மேட்டில் ஏறி இறங்கும்போது கனமான வீலை டேம்பர் (ஷாக் அப்சார்பர்) அடக்கச் சிரமப்படும். இலேசான வீல் சாலையை விடாமல் தொட்டுக்கொண்டே போகும். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் வித்தியாசம் இருக்கையிலேயே தெரியும்.

இன்னொன்று: அதே கணக்கில் டயரின் ட்ரெட் பகுதி (சாலையைத் தொடும் மேற்பரப்பு) மிக வெளியே இருப்பதால், அங்குள்ள ஒரு கிலோ ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குச் சமம். ஆகவே விலை உயர்ந்த இலேசான வீலை வாங்கி, அதில் கனமான டயரைப் போடுவது கையால் கொடுத்துக் காலால் பறிக்கும் வேலை. இங்கேயும் டயர்தான் முந்துகிறது.

வார்ப்பு, ஃப்ளோ ஃபார்மிங், ஃபோர்ஜ்டு: எது வேண்டும்?

உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு. விலை குறைவு, எடை அதிகம். ஃப்ளோ ஃபார்மிங்கில் முகப்பை வார்த்துவிட்டு, விளிம்புப் பகுதியைச் சூடாக்கிச் சுழற்றி உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள். உலோகம் இறுகி மெலிதாகிறது. ஃபோர்ஜ்டு என்பது திட அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவது. பலமும் இலேசும் சேர்ந்து கிடைக்கும், விலையும் அதற்கேற்ப.

உடையும் விதத்திலும் வேறுபாடு உண்டு. வார்ப்பு வீல் பலமான அடியில் விரிசல் விடும். ஃபோர்ஜ்டு பெரும்பாலும் வளையும். வளைந்த வீல் அதிர்வாகத் தன் நிலையைச் சொல்லிவிடும். விரிசல் சொல்லாமலே இருந்துவிடும். தெருவில் ஓட்ட ஃப்ளோ ஃபார்மிங் போதும். தடத்தில் அடிக்கடி ஓட்டினால் ஃபோர்ஜ்டுக்குச் சேமிக்கலாம்.

எந்த நிறுவனத்தின் வீல் நல்லது?

ஜப்பானில் பெயர் பெற்றவை ரேஸ், என்கெய், வொர்க், எஸ்எஸ்ஆர், யோகோஹாமாவின் அட்வான், பிபிஎஸ் ஜப்பான். 1973-இல் தொடங்கிய ரேஸ், 1996-இல் வோல்க் ரேசிங் டிஈ37-ஐ வெளியிட்டது. பெயரில் உள்ள 37, பதினைந்து அங்குல வீல் ஒன்றின் 3.7 கிலோ எடையைக் குறிக்கிறது. ஆறு தடிமனான கால்கள் (நடுவையும் விளிம்பையும் இணைக்கும் ஸ்போக்குகள்), வேறு அலங்காரம் கிடையாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பழசாகத் தெரியாத வடிவம் அது. ஜிடி-ஆர் ஆர்35 ஆலையிலிருந்து வெளிவந்தபோது மாட்டிக்கொண்டு வந்த ஃபோர்ஜ்டு வீலும் ரேஸ் செய்ததுதான்.

என்கெய் 1950-இல் தொடங்கியது. அதன் ஆர்பிஎஃப்1 ஃப்ளோ ஃபார்மிங் வகை. கொடுக்கும் பணத்துக்கு இவ்வளவு இலேசான வீல் வேறு அதிகம் இல்லை. 17×9 அளவில்கூட 7 கிலோவைச் சற்றுத் தாண்டுகிறது. முகம் கொஞ்சம் சாதுவானது என்று சிலர் குறைசொல்வார்கள். 1977-இல் தொடங்கிய வொர்க்கும், 1971-இல் தொடங்கிய எஸ்எஸ்ஆரும் பல துண்டு வீல்களுக்குப் பெயர் போனவை. இரண்டு அல்லது மூன்று துண்டுகளைப் போல்ட்டால் இணைப்பதால் உங்களுக்கு வேண்டிய ஆஃப்செட்டில் செய்து வாங்கலாம். எடை கூடும், பல வருடம் கழித்து இணைப்பில் காற்றுக் கசியவும் செய்யலாம்.

வீலின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்று இருக்கிறதே, என்ன அது?

ஜேடபிள்யூஎல் என்பது இலேசான உலோகக் கலவை வீல்களுக்கான ஜப்பானியத் தரநிலை. வளைவுச் சோர்வு, பாரத்தோடு உருளையில் ஓடும் சோர்வு, சாய்வாக மோதும் அடி என மூன்று சோதனைகள் அதில் உண்டு. தன் வீல் அதில் தேறியது என்று தயாரிப்பாளரே முத்திரை போடலாம். விஐஏ முத்திரை அதற்கு மேல்: வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்து இருந்தால் நல்லது. அதோடு எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் பொறித்திருக்கும். காரின் அச்சு ஒன்றுக்கு அனுமதித்த அதிகபட்ச எடையில் பாதியாவது அந்த எண் இருக்க வேண்டும்.

நகல் வீல் வாங்கலாமா?

நகலில் இரண்டு சாதி. பிரபல வடிவத்தைப் பார்த்து வார்த்து, தன் சொந்தப் பெயரிலேயே விற்பது ஒன்று. அடுத்தவர் பெயரையும் முத்திரையையும் ஒட்டி விற்பது இன்னொன்று. இரண்டாவதைத் தொட வேண்டாம். பெயரில் பொய் சொல்பவர் சோதனையில் மட்டும் உண்மை சொல்வாரா? முதலாவதை, சோதனை முத்திரையும் பாரம் தாங்கும் எண்ணும் இருந்தால், தெரு ஓட்டத்துக்கு யோசிக்கலாம். ஆனால் எடை போட்டுப் பாருங்கள். டிஈ37 முகத்தோடு காரோடு வந்த வீலைவிட இரண்டு கிலோ கனமான ஒன்றைப் போட்டு என்ன சாதித்தோம்? அந்தப் பணத்துக்கு என்கெய் மாதிரி ஏதாவது ஒன்றின் சாதாரண மாடல் கிடைத்துவிடும்.

பழைய வீல் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முகத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் திருப்பிப் போட்டு உள்பக்க விளிம்பைப் பாருங்கள். குழியில் அடிபடும்போது அங்கேதான் முதலில் வளையும், விரிசலும் அங்கேதான் விடும். பிறகு ஹப்பில் ஒட்டும் பரப்பு, நட் துளைகளின் சாய்வு, கால்கள் நடுப்பகுதியோடு சேரும் மூலைகள். டயரோடு விற்றால், டயரைக் கழற்றி வீலை மட்டும் பேலன்சிங் எந்திரத்தில் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கும் ஆளிடம் வாங்க வேண்டாம்.

நான் ஒருமுறை பளபளவென்று புதிதாகப் பெயிண்ட் அடித்த நான்கு வீல்களை வாங்கினேன். ஒரு மாதத்தில் ஒன்றில் மட்டும் காற்றுக் குறைந்துகொண்டே வந்தது. டயர் மாற்றுபவர் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்: பெயிண்ட்டுக்கு அடியில், உள்விளிம்பில், பழைய வெல்டிங். அன்றிலிருந்து புதுப் பெயிண்ட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். வெப்பத்தில் பதப்படுத்திய வீலை நீண்ட நேரம் அதிகச் சூட்டில் வைத்துப் பவுடர் கோட்டிங் செய்தாலும் உலோகத்தின் பலம் குறையக்கூடும். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்கள் எல்லாம் சரி. ஆனாலும் பிரேக்கில் இடிக்கிறதே?

ஆறு எண்களும் சொல்லாத ஒன்று, கால்களின் வளைவு. ஒரே அளவு, ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு வீல்களில் ஒன்று பெரிய காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) தாண்டிப் போகும், மற்றொன்று போகாது. எஸ்டிஐ, எவோ, ஆர்34 ஜிடி-ஆர் போன்ற பிரெம்போ பிரேக் உள்ள கார்களில் இது அடிக்கடி வரும் தலைவலி. காலிப்பரின் அளவில் அட்டையில் ஒரு வார்ப்புரு வெட்டி வீலின் உள்ளே வைத்துப் பார்ப்பது பழைய வித்தை, இன்றும் பலிக்கும். காலுக்கும் காலிப்பருக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. விடுங்கள். பேலன்ஸ் எடைகள் உள்ளே ஒட்டப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹப் ரிங் அவசியமா?

என் பதில்: போடுங்கள். பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் வெளியில் வாங்கும் வீல்களின் நடுத்துளை பெரிதாக இருக்கும், 5×114.3 வீல்களில் 73 மி.மீ. சாதாரணம். நிஸ்ஸான் ஹப் 66.1, மாஸ்டா ஆர்எக்ஸ்-7-உம் எவோவும் 67.1, எஸ்2000 64.1, ஏ80 சூப்ரா 60.1. இடைவெளியை அடைக்கும் வளையம்தான் ஹப் ரிங். பாரத்தை அது தாங்குவதில்லை. நட்டின் பிடியால் வரும் உராய்வுதான் தாங்குகிறது. ரிங்கின் வேலை, நட்டை இறுக்கும்போது வீலை நடுவில் நிறுத்துவது மட்டுமே. அது இல்லாமல் அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று தடவை பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தடத்தில் ஓட்டினால் பிளாஸ்டிக் ரிங் வேண்டாம், பிரேக் சூட்டில் இளகும்.

பழைய நட்டையே பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மரை. டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா, மிட்சுபிஷி கார்களில் எம்12×1.5 வழக்கம், நிஸ்ஸானிலும் சுபாருவிலும் எம்12×1.25. பொறி எங்கே என்றால் டொயோட்டா 86-இல். முகப்பில் டொயோட்டா சின்னம், ஆனால் அது சுபாருவின் குன்மா ஆலையில் பிறந்த கார், மரை 1.25. டொயோட்டா நட் என்று வாங்கி எந்திரத்தால் ஏற்றினால் ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) காலி. புதிய சிவிக் டைப் ஆர் எம்14×1.5.

அடுத்து நட்டின் இருக்கை. வெளி வீல்கள் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். ஹோண்டாவின் சொந்த நட் உருண்டையான அடிப்பகுதி கொண்டது. டொயோட்டாவின் பல அலாய் வீல் நட்டுகள் தட்டை வாஷர் வகை. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் மெல்லிய கோடு அளவுக்குத்தான் தொடும். இறுகிவிட்டதுபோல் ஏமாற்றும், பிறகு தளரும்.

மூன்றாவது, எத்தனை சுற்று ஏறுகிறது. ஸ்டட்டின் விட்ட அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மரை என்றால் 8 முழுச் சுற்று, 1.25 என்றால் 10. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். வண்ண வண்ண அலுமினிய நட் காட்சிக்கு அழகு. அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு இரும்புதான்.

ஸ்பேசர் போடலாமா?

வீலை வெளியே தள்ள, ஹப்புக்கும் வீலுக்கும் இடையே வைக்கும் தட்டுதான் ஸ்பேசர். ஹப்பில் சரியாக உட்காரும் நல்ல ஸ்பேசர் என்றால் பயப்பட வேண்டியதில்லை. 3, 5 மி.மீ. தட்டு ஸ்பேசர் போட்டாலும் மேலே சொன்ன சுற்றுக் கணக்கை மறுபடி எண்ண வேண்டும்; குறைந்தால் நீளமான ஸ்டட். 15 மி.மீ.க்கு மேல் என்றால் தனியாக ஹப்பில் போல்ட் ஆகும் வகை. ஆனால் புதிதாக வீல் வாங்கும்போதே ஸ்பேசரும் தேவைப்படுகிறது என்றால், தவறான ஆஃப்செட்டை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

முன்னால் ஒல்லி, பின்னால் அகலம் போடலாமா?

காரோடு எப்படி வந்தது என்று பாருங்கள். எஸ்2000 முன்னால் 205, பின்னால் 225 டயரோடு வந்தது. 2004 மாற்றத்தில் அது 215, 245 ஆனது. சட்டென்று வால் வீசும் குணத்தை அடக்கவே பின்னால் கூடுதல் பிடி. அதில் நான்கும் ஒரே அளவு போட்டால் முன்பக்கப் பிடி கூடி, வால் இன்னும் சுலபமாக வெளியே வரும். சஸ்பென்ஷனையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர்களுக்கான வேலை அது. 86-உம் எம்எக்ஸ்-5-உம் நான்கும் ஒரே அளவாகவே வந்தவை. அப்படியே விட்டால் டயரை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்களில் விளையாட வேண்டாம். எவோ, எஸ்டிஐ, ஜிடி-ஆர் எதுவானாலும் முன்பின் டயர்களின் சுற்றளவு விகிதம் தொழிற்சாலைக் கணக்கிலேயே இருக்க வேண்டும். ஆர்35-இல் முன்னால் 255/40-20, பின்னால் 285/35-20. அகலம் இத்தனை வேறாக இருந்தும் உயரம் 712, 707.5 மி.மீ. அந்த நெருக்கம் தற்செயல் அல்ல. விகிதம் மாறினால், முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் என்ன?

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலேயே 2017 வரை துளியும் நீட்டக் கூடாது. அந்த வருடத் திருத்தத்துக்குப் பிறகு டயர் மட்டும் 10 மி.மீ.க்குள் நீட்டலாம், வீல் நீட்டக் கூடாது. சட்டத்தை விட்டாலும், நீட்டிய டயர் வாரியடிக்கும் கற்கள் உங்கள் பெயிண்ட்டைத்தான் பதம் பார்க்கும்.

என்ன நிறம் நன்றாக இருக்கும்?

நீலச் சுபாருவுக்குத் தங்க நிறம். ராலி பார்த்து வளர்ந்தவர்களிடம் இதற்கு அப்பீல் கிடையாது. வெள்ளை வீல் கழுவப் பிடித்தவர்களுக்கு. எனக்கு வெண்கலம். பிரேக் தூசி தெரியாது என்பதே உண்மையான காரணம்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியது?

ஹப்பின் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள். நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். 86-க்கு 120 நியூட்டன் மீட்டர், எஸ்2000-க்கு 108. டயர் அழுத்த சென்சார் உள்ள கார் என்றால் புது வீலில் அதற்கு இடம் இருக்கிறதா என்று டயர் ஏற்றும் முன்பே பாருங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஒரு நட் கொஞ்சம் திரும்பினால் சாதாரணம். எல்லா நட்டும் திரும்பினால் வீலைக் கழற்றி, இருக்கையும் ஹப் ரிங்கும் சரிதானா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும்.